கேமராவுக்கு அகப்படாதவர்

சினிமாக் கொட்டகையில் மெயின் படம் ஆரம்பிப்பதற்கு முன்னால் சர்க்கார் தயாரித்த செய்திப் படம் ஒன்றைக் காட்டுகிற வழக்கம் வெகுகாலம் இருந்தது. 1948-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட பிலிம்ஸ் டிவிஷன் என்ற ஸ்தாபனத்தின் படங்கள் அவை. அணைக்கட்டுத் திறப்பு விழா, வெள்ள நிவாரணம், மந்திரி ஒருவர் மாலையைக் கழற்றி மேஜை மேல் வைப்பது, இவற்றுக்கெல்லாம் பின்னணியில் கம்பீரமான குரல் ஒன்று. காட்டியே தீர வேண்டும் என்று கொட்டகைக்காரருக்குச் சட்டம் இருந்தது. பார்த்தே தீர வேண்டும் என்று ரஸிகர்களுக்குச் சட்டமில்லை. ஆகவே ஜனங்கள் அந்தப் பத்து நிமிஷத்தைப் பீடி பற்ற வைப்பதற்கும், முறுக்கு வாங்குவதற்கும், இடம் பிடித்து வைத்த துண்டைச் சரி பார்ப்பதற்கும் உபயோகித்துக் கொண்டார்கள். அந்த ஸ்தாபனம் 2022-ல் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தோடு சேர்க்கப்பட்டு விட்டது. ஆனால் டாக்குமெண்டரி என்றால் கொட்டாவி என்று நம்மவர் மனத்தில் விழுந்த எண்ணம் மட்டும் இன்னும் எதோடும் சேராமல் தனியாகவே நிற்கிறது.

இத்தனைக்கும் இந்தத் துறையில் தமிழர் ஒருவர் செய்து காட்டிய சாகசம் சாமானியமானதல்ல. 1937-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ந் தேதி, நியூயார்க்கிலிருந்து கப்பலில் போய்க் கொண்டிருந்த ஏ. கே. செட்டியாருக்கு, மகாத்மாவைப் பற்றி ஒரு டாக்குமெண்டரி எடுக்க வேண்டும் என்று தோன்றியது. தோன்றியதோடு நில்லாமல், சுமார் ஒரு லட்சம் மைல் சுற்றினார். உலகத்தின் மூலை முடுக்குகளில் யார் யாரோ எடுத்து வைத்திருந்த காந்திஜியின் சலனப் படங்களைத் தேடிப் பிடித்து, ஐம்பதினாயிரம் அடி பிலிமைத் திரட்டினார். 1940-ல் படம் சென்னையில் திரையிடப்பட்டது. பிறகு என்ன ஆயிற்று? படம் காணாமற் போயிற்று. பல பத்தாண்டுகள் கழித்து அதன் ஆங்கில வடிவம் ஒன்று அமெரிக்காவில் அகப்பட்டது. ஆனால் படமெடுத்த அனுபவங்களைச் செட்டியார் எழுதி வைத்திருந்த கட்டுரைகள் மட்டும் தொலையவில்லை. 'அண்ணல் அடிச்சுவட்டில்' என்ற புத்தகமாக ஆ. இரா. வேங்கடாசலபதி அவற்றைப் பதிப்பித்தார். பிலிம் போய்விட்டது, பிலிம் எடுத்த கதை எழுத்தில் நின்றது. எழுதிப் பிழைக்கிற என் போன்றவர்களுக்கு இதில் ஒரு அற்ப திருப்தி உண்டு என்பதை மறைப்பானேன்?

அதன் பிறகு தமிழில் எழுத்தாளர்களைப் பற்றியும் டாக்குமெண்டரிகள் வந்திருக்கின்றன. பாரதியாரைப் பற்றி அம்ஷன் குமார் எடுத்தார். ஜெயகாந்தனைப் பற்றி ரவிசுப்பிரமணியன் எடுத்தார். சுந்தர ராமசாமியைப் பற்றி ஆர். வி. ரமணி எடுத்தார். இவையெல்லாம் அக்கறையோடு செய்யப்பட்ட படங்கள். ஆனாலும் எழுத்தாளனைப் படம் பிடிப்பது பொதுவாகவே கஷ்டமான காரியம். அவன் செய்கிற ஒரே முக்கியமான வேலை நாற்காலியில் உட்கார்ந்து பேனா பிடிப்பது. அதை எத்தனை நேரம் காட்டுவது? ஆகவே கடற்கரையில் நடக்க விடுவார்கள். ஜன்னல் வழியே எங்கோ பார்க்கச் சொல்வார்கள். புத்தக அலமாரியைக் கேமரா மெதுவாகத் தடவிக் கொண்டு போகும். பார்ப்பவர்கள் மரியாதைக்காகப் பொறுத்துக் கொள்வார்கள்.

இயற்கையைப் பற்றி எழுதியவர் என்றால் கஷ்டம் வேறு தினுசானது. அங்கே காட்டுவதற்குப் பஞ்சமில்லை. யானை உண்டு, புலி உண்டு, மயில் உண்டு, மலை மேல் மேகம் உண்டு. இவற்றைக் காட்டக் காட்ட எழுத்தாளர் சுருங்கிக் கொண்டே போவார். முடிவில், படம் முழுவதும் மிருகக் காட்சி, நடுநடுவே ஒரு கிழவரின் போட்டோ என்று ஆகிவிடும்.

இதைச் சொல்லக் காரணம், எனக்குத் தெரிந்த இளைஞர் ஒருவர். சாத்தூர்ப் பக்கத்துக்காரர், கேமரா வேலை தெரிந்தவர். மா. கிருஷ்ணனைப் பற்றி ஒரு டாக்குமெண்டரி எடுக்கப் போவதாகச் சொல்லி, திட்டம் எழுதிய நோட்டு ஒன்றைக் கொண்டு வந்து காட்டினார். முதல் காட்சி, முதுமலையில் விடியற்காலைப் பனி. இரண்டாவது காட்சி, ஒற்றைக் கொம்பன். மூன்றாவது, ஆகாயத்திலிருந்து ட்ரோனில் எடுத்த காடு. புல்லாங்குழல் வாசிக்க ஆள் கூடப் பேசியாகி விட்டதாம்.

"கிருஷ்ணன் எந்த இடத்தில் வருகிறார்?" என்று கேட்டேன்.

"அவரோட போட்டோ இருக்கு அண்ணாச்சி. அங்கங்கே வைச்சுக்கிடலாம்."

"யானையைக் கொஞ்சம் குறைத்தால் என்ன?"

"யானை இல்லாம எப்படி அண்ணாச்சி? அவரு யானையைத்தானே எடுத்தாரு?"

அவர் சொன்னதில் பாதி வாஸ்தவம். கிருஷ்ணன் யானைகளை நிறையவே படமெடுத்தார். கும்கி யானை மேல் ஏறிக்கொண்டு, காட்டு யானைக்குப் பக்கத்தில் போய் எடுத்தார். வெவ்வேறு கம்பெனிச் சாமான்களைத் தாமே ஒன்றாகப் பூட்டிய கேமரா ஒன்று அவரிடம் இருந்தது. அதற்கு 'சூப்பர் பாண்டெரோஸா' என்று வேடிக்கையாகப் பெயரும் வைத்திருந்தார். கலர் பக்கமே அவர் போகவில்லை. கறுப்பு வெள்ளை தான் கடைசி வரைக்கும். ஆனால் மற்றப் பாதியை அந்த நோட்டில் காணோம். அதைச் சொல்வதற்குக் கிருஷ்ணனுடைய கதையைக் கொஞ்சம் சாவகாசமாகவே சொல்ல வேண்டும்.

தமிழ் நாவலின் ஆரம்ப காலத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் 'பத்மாவதி சரித்திர'த்தைச் சொல்லாமல் இருக்க மாட்டார்கள். அதை எழுதிய அ. மாதவையா உப்பு இலாகாவில் உத்தியோகம் பார்த்தவர். வேலையிலிருந்து விலகி வந்து 'பஞ்சாமிர்தம்' என்ற பத்திரிகையை நடத்தினார். 1925-ஆம் ஆண்டு அக்டோபர் 22-ந் தேதி, சென்னைப் பல்கலைக் கழக செனட் கூட்டத்தில், பட்டப் படிப்பில் தமிழுக்கு இடம் வேண்டும் என்று பேசிவிட்டு அங்கேயே உயிர் நீத்தார். தாய்மொழிக்காக மேடையில் உயிரை விடுவேன் என்று சொன்னவர்கள் பலர். மாதவையா சொல்லவில்லை, நடந்துவிட்டது.

அவருடைய எட்டுக் குழந்தைகளில் கடைக்குட்டி கிருஷ்ணன். 1912 ஜூன் 30-ந் தேதி திருநெல்வேலியில் பிறந்தார். தகப்பனார் போனபோது அவருக்கு வயது பதின்மூன்று. மூத்த சகோதரி வளர்த்தார். குடும்பம் மயிலாப்பூரில் வசித்தது. அக்காலத்து மயிலாப்பூர் இப்போதைய மயிலாப்பூர் அல்ல. புதர் மண்டிய வெளிகள், நரிகள், வெளிமான்கள் கூட உண்டு. பையன் ஒரு கீரியை வளர்த்தான். பிரஸிடென்ஸி காலேஜில் தாவர சாஸ்திரப் பேராசிரியர் பைஸன் துரையுடன் நீலகிரிக்கும் கோடைக்கானலுக்கும் செடி கொடி பார்க்கப் போனான். துரைசானியிடம் வாட்டர் கலர் தீட்டக் கற்றான். இவ்வளவும் செய்தவன் பரீட்சையில் பிரமாதமாகத் தேறவில்லை என்பதை ஊகித்துக் கொள்ளலாம். பி.ஏ. முடித்துச் சட்டமும் படித்தார். வக்கீல் தொழில் பிடிக்கவில்லை. பத்திரிகைகளுக்குச் சித்திரம் போட்டுக் கொடுத்தும், கட்டுரை எழுதியும் காலம் தள்ளினார். அந்த ஜீவனம் எப்படி இருந்திருக்கும் என்பதை இந்தத் தொழிலில் இருக்கிறவர்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

1942-ல் பெல்லாரிக்கு அருகிலுள்ள ஸண்டூர் சமஸ்தானத்தில் வேலை கிடைத்தது. சிறிய சமஸ்தானம் என்றால் ஒருவருக்கே நாலு உத்தியோகம் என்று அர்த்தம். கிருஷ்ணன் வாத்தியாராக இருந்தார், நீதிபதியாக இருந்தார், பிரசார அதிகாரியாக இருந்தார், மகாராஜாவுக்குக் காரியதரிசியாகவும் இருந்தார். மிச்ச நேரத்தில் ஆடு மேய்த்தார், தபால் புறா வளர்த்தார், காட்டில் சுற்றினார். 1949-ல் ஸண்டூர் மதறாஸ் மாகாணத்தோடு இணைந்ததும், சர்க்கார் வேலைக்குப் போகாமல் மயிலாப்பூருக்குத் திரும்பி வந்து விட்டார். இனிமேல் பேனாவும் கேமராவுந்தான் என்று தீர்மானம்.

1950-ல் கல்கத்தாவில் வெளிவந்த 'ஸ்டேட்ஸ்மன்' தினசரியில் 'கன்ட்ரி நோட்புக்' என்ற தலைப்பில் எழுதத் தொடங்கினார். பதினைந்து நாளைக்கு ஒரு கட்டுரை. நாற்பத்தாறு வருஷம் எழுதினார். கணக்குப் போட்டுப் பார்த்தால் ஆயிரத்தைத் தாண்டுகிறது. 1996-ஆம் ஆண்டு பிப்ரவரி 18-ந் தேதி அவர் காலமானார். அன்றைக்கும் அவருடைய கட்டுரை பத்திரிகையில் வந்திருந்தது. மாதம் ஒரு தொடர்கதை அத்தியாயம் எழுதிக் கொடுப்பதற்குள் நாம் ஆசிரியரிடம் சொல்லுகிற சாக்குப் போக்குகளை நினைத்துக் கொண்டால், இந்த ஒரு விஷயத்துக்காகவே அவருக்கு நமஸ்காரம் செய்யலாம்.

அந்த ஆயிரத்துச் சொச்சம் கட்டுரைகளில் என்ன இருக்கிறது? யானையும் காட்டெருமையும் இருக்கின்றன, சந்தேகமில்லை. ஆனால் காக்கை இருக்கிறது. அணில் இருக்கிறது. கிணற்றடியில் வரும் கீரி, மாமரத்துப் பொந்தில் இருக்கும் ஆந்தை, ஓணான், பெருச்சாளி எல்லாம் இருக்கின்றன. கல்கத்தாவில் காபியோ டீயோ அருந்திக் கொண்டு பத்திரிகை பிரிக்கிற வங்காளி கனவான், மயிலாப்பூரில் ஒரு வீட்டுக் கொல்லையில் போன வாரம் நடந்த சங்கதியைப் படித்து ரஸித்திருக்கிறார். 1961-ல் வெளிவந்த அவருடைய புத்தகத்தின் பெயரே காட்டையும் கொல்லையையும் சேர்த்துச் சொல்வது. இரண்டுக்கும் நடுவே அவர் வேலி போட்டுக் கொள்ளவில்லை.

காட்டு விவகாரத்தில் அவர் ரஸிகராக மட்டும் இருந்து விடவில்லை. 1968-ல் ஜவாஹர்லால் நேரு பெல்லோஷிப் கிடைத்தபோது, தென்னிந்தியக் காடுகளில் பெரிய மிருகங்களின் நிலைமையைச் சுற்றிப் பார்த்து விரிவாக எழுதினார். பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கம் அதை வெளியிட்டது. புலித் திட்டத்தின் ஆலோசனைக் குழுவிலும் இருந்தார். அன்னிய நாட்டு மரங்களைக் கொண்டு வந்து நடுவதைக் கடுமையாக எதிர்த்தார். சிவப்புப் பூப் பூக்கிறது என்பதற்காக ஒரு மரத்தைச் சாலையோரம் நட்டு விட்டு, இந்த மண்ணின் மரத்தை வெட்டுவது அவருக்குப் பொறுக்காது. இந்த விஷயத்தில் அவர் கொஞ்சம் பிடிவாதக்காரர் என்றே சொல்ல வேண்டும். பிடிவாதம் இல்லாதவர்களைப் பற்றி யார் டாக்குமெண்டரி எடுக்கிறார்கள்?

இனி, அயல் நாட்டில் இந்தக் காரியத்தை எப்படிச் செய்தார்கள் என்று பார்க்கலாம்.

அமெரிக்காவில் ரேச்சல் கார்ஸன் என்ற அம்மாள் 1962-ல் பூச்சி மருந்துகளைப் பற்றி 'மௌன வசந்தம்' என்ற பொருள்படும் புத்தகத்தை எழுதினார். டி.டி.டி. போன்ற விஷங்கள் பூச்சியிலிருந்து பறவைக்கும், மண்ணிலிருந்து மனிதனுக்கும் எப்படி வந்து சேர்கின்றன என்று விளக்கினார். ரசாயனக் கம்பெனிகள் சீறி விழுந்தன. 1963 ஏப்ரல் 3-ந் தேதி சி.பி.எஸ். டெலிவிஷனில் அதைப் பற்றி ஒரு மணி நேரப் படம் ஒளிபரப்பானது. விளம்பரம் கொடுப்பதாக இருந்த ஐந்து கம்பெனிகளில் மூன்று பின்வாங்கிக் கொண்டன. அந்தப் படத்தில் பறவைக் கூட்டம் இல்லை, சங்கீதம் இல்லை. ஒரு பக்கம் வெள்ளைக் கோட்டு அணிந்த கம்பெனி விஞ்ஞானி உரத்துப் பேசுகிறார். இன்னொரு பக்கம் அம்மாள் தம் வீட்டில் உட்கார்ந்து, தம் புத்தகத்தைப் பிரித்து, நிதானமாக வாசிக்கிறார். புற்றுநோய் அவரை அப்போதே தின்று கொண்டிருந்தது. பார்க்கிறவர்களுக்கு அது தெரியாது. அடுத்த ஆண்டு ஏப்ரலில் இறந்து போனார். எழுத்தாளர் எழுதியதை எழுத்தாளரே வாசித்தது லட்சக்கணக்கான வீடுகளுக்குள் போயிற்று. எழுத்தைப் படமாக்க இதைவிட எளிய வழி இருக்கிறதா?

கிருஷ்ணன் விஷயத்தில் அந்த வழி அடைபட்டு விட்டது. ஆகவே இரண்டாவது உதாரணம் நமக்கு அதிகம் உபயோகப்படும். ஆல்டோ லியோபால்ட் 1948-ல், பக்கத்து நிலத்தில் பற்றிய தீயை அணைக்கப் போன இடத்தில் இறந்தவர். அவருடைய முக்கியமான புத்தகம் மறு வருஷந்தான் வெளிவந்தது. அவரைப் பற்றிய 'கிரீன் பயர்' என்ற டாக்குமெண்டரி 2011-ல் வந்தது. அறுபது வருஷத்துக்கு முன்னால் போனவரை எப்படிக் காட்டுவது? அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதிய கர்ட் மைன் என்பவரையே வழிகாட்டியாக வைத்துக் கொண்டு, லியோபால்ட் நடந்த இடங்களுக்கெல்லாம் போனார்கள். வாலிபத்தில், 1909-ல், அரிஸோனா மலையில் ஓநாயைச் சுட்டு, அதன் கண்ணில் பச்சை நெருப்பு அணைவதைப் பார்த்ததாகப் பிற்காலத்தில் அவர் எழுதியிருந்தார். அந்தச் சம்பவம் நடந்த இடம் எது என்று தேடினார்கள். அவருடைய எழுத்தை நடிகர் ஒருவர் வாசித்தார்.

இதிலெல்லாம் எனக்குப் பெரிதாகத் தோன்றுவது வேறொன்று. லியோபால்ட் தம்முடைய சிந்தனைகளை வளர்த்த இடம் அடர்ந்த காடு அல்ல. 1935-ல் அவர் விஸ்கான்ஸின் நதிக்கரையில் ஒரு பண்ணையை வாங்கினார். மண் செத்து, மணல் பறந்து, முந்தின சொந்தக்காரன் விட்டுவிட்டுப் போன பூமி. அங்கே மிஞ்சியிருந்த கோழிக் கொட்டகையைச் சுத்தம் செய்து, குடும்பத்தோடு வாரா வாரம் போய்த் தங்கி, ஆயிரக் கணக்கில் பைன் மரம் நட்டார். அந்தக் கொட்டகைதான் இன்று யாத்திரை ஸ்தலம். கெட்டுப் போன நிலத்தில் உட்கார்ந்து பார்க்கத் தெரிந்தவன் தான் நிலத்தைப் பற்றி எழுதுகிறான்.

இப்போது நம் இளைஞரின் நோட்டுக்கு வருவோம். அவர் முதுமலைக்குப் போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதற்கு முன்னால், தம் சொந்த ஊர்ப் பக்கத்திலேயே, அச்சங்குளத்தில், நாலு காட்சி எடுக்கச் சொன்னேன். அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! "அங்கே என்ன இருக்கு?" என்று கேட்டது.

வெளியுலகம் அச்சங்குளத்தின் பெயரைக் கேள்விப்பட்டது ஒரே ஒரு தடவை. 2021 பிப்ரவரி 12-ந் தேதி அங்கே ஒரு பட்டாசு ஆலை வெடித்து, இருபதுக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் மாண்டு போனார்கள். டெலிவிஷன் கேமராக்கள் வந்தன. புகையைக் காட்டின, இடிந்த சுவரைக் காட்டின, அழுகிறவர்களைக் காட்டின, திரும்பிப் போயின. அதே பிப்ரவரியில்தான், இதே விருதுநகர் ஜில்லாவின் மேற்கு ஓரத்தில், ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலைப் புலிகள் காப்பகம் பிரகடனம் ஆயிற்று. சாம்பல் நிற மலை அணிலுக்காக 1988-லேயே சரணாலயம் ஆன மலை அது. ஒரே ஜில்லா, ஒரே மாதம். மலையில் இருப்பது இயற்கை, கரிசலில் இருப்பது தொழில் என்று கோடு கிழித்தாகி விட்டது. நடுவில் கிடக்கிற பூமிக்குக் கேமரா வர வேண்டுமானால் ஏதாவது வெடித்தாக வேண்டும்.

வெடிக்காமலே கேமரா வந்ததும் ஒரு தடவை உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். நேருஜி வைத்த பெயர் என்று சொல்லி, சிவகாசிக்காரர்கள் தங்கள் ஊரைக் 'குட்டி ஜப்பான்' என்று பெருமையாக அழைத்துக் கொள்வார்கள். 1990-ல் சலம் பென்னுரகர் என்ற டைரக்டர் 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' என்று ஒரு டாக்குமெண்டரி எடுத்தார். விடியுமுன்னே கிராமம் கிராமமாக பஸ் வந்து, தூக்கம் கலையாத பிள்ளைகளைத் தீப்பெட்டி ஆபீஸுக்கு அள்ளிக் கொண்டு போன காலம் அது. அந்தப் படம் இரைச்சல் போடவில்லை. பிள்ளைகளின் கைகளைக் காட்டியது. குச்சி அடுக்குகிற கைகள், எவ்வளவு வேகம்! பார்த்தவர்களால் அப்புறம் தீக்குச்சியைச் சும்மா கிழித்துப் போட முடியவில்லை. எல்லோரும் பார்த்தும் பாராமல் போன ஒன்றை உட்கார்ந்து பார்த்து விட்டார், அவ்வளவுதான். கிருஷ்ணன் கீரி விஷயத்தில் செய்ததும் இதைத்தான் என்பேன். இரண்டையும் ஒப்பிடலாமா என்று யாராவது கோபித்துக் கொண்டால், கோபித்துக் கொள்ளட்டும்.

அங்கே என்ன இருக்கிறது? கரிசல் பூமி இருக்கிறது. மழை பெய்தால் காலை விடாது, வெயில் அடித்தால் வாயைப் பிளக்கும். பனை, வேம்பு, உடை, நாட்டுக் கருவேலம். பனையில் பனங்காடை, தந்திக் கம்பியில் கரிச்சான், தரிசில் கௌதாரி, ராத்திரி யார் நடந்தாலும் ஊரைக் கூட்டுகிற ஆள்காட்டிக் குருவி. பட்டாசு ஆலைகளில் ஓர் அறைக்கும் மறு அறைக்கும் நடுவே, ஒன்று வெடித்தால் மற்றது பிழைக்கட்டும் என்று, சட்டப்படி வெற்றிடம் விட வேண்டும். அந்த வெற்றிடத்தில் புல் முளைக்கும், புதர் வரும், ஓணான் ஓடும். பயத்தினால் மனிதன் காலி செய்து கொடுத்த இடம் அது.

எல்லாவற்றுக்கும் மேலாகச் சீமைக் கருவேலம் இருக்கிறது. அமெரிக்கக் கண்டத்து மரம். விறகுப் பஞ்சத்துக்கு மருந்தாகப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே மதறாஸ் மாகாணத்துக்கு விதை வந்து விட்டது. இன்று கண்மாய்க்குள்ளும் வரப்பிலும் அதுதான். வேரோடு பிடுங்க வேண்டும் என்று 2017-ல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவு போட்டது. கிருஷ்ணன் அன்னிய மரங்களைப் பற்றி எழுதிய எழுத்தை இந்த முள் காட்டுக்கு நடுவில் வைத்து வாசித்தால், அது எவ்வளவு தூரம் உண்மை என்று விளங்கும். கூடவே, அவர் கணக்கில் வராத ஒன்றையும் கேமரா காட்டியாக வேண்டும். அந்த மரத்தை வெட்டி மூட்டம் போட்டுக் கரியாக்கி, வயிறு கழுவுகிற குடும்பங்கள் உண்டு. மழை பொய்த்த வருஷத்தில் கரிசல்காரனைக் காப்பாற்றியது பருத்தியல்ல, இந்த முள். எழுத்தாளரின் வாக்கை அவருக்கு எதிரான சாட்சியோடு சேர்த்துக் காட்டுகிற படம் தான் அவருக்குச் செய்யும் மரியாதை. ஆராதனைப் படம் எடுப்பதற்கு நாடெங்கும் ஆள் இருக்கிறார்கள்.

சாத்தூருக்குப் பக்கத்தில் சிப்பிப்பாறை என்ற ஊர் இருக்கிறது. ஒட்டிய வயிறும் நீண்ட காலுமாகக் கரிசல் காட்டில் முயல் விரட்டுகிற வேட்டை நாய்க்கு அந்த ஊரின் பெயர்தான். 2005-ல் தபால் இலாகா இந்திய நாய்களுக்கு ஸ்டாம்பு போட்டபோது ராஜபாளையத்துக்கு இடம் கிடைத்தது, சிப்பிப்பாறைக்குக் கிடைக்கவில்லை. இந்த நாட்டு நாய்களைப் பற்றித் தேடித் தேடி எழுதியவர் சு. தியடோர் பாஸ்கரன். டாக்குமெண்டரி எடுக்கிறவர்கள் இவரிடந்தான் முதலில் போக வேண்டும் என்று அழுத்திச் சொன்னேன். தபால் இலாகாவில் பெரிய பதவி வகித்தவர். பறவை, மிருகம் பற்றித் தமிழில் எழுதுகிறவர்களில் முன்னோடி. 'வனவிலங்கு' என்றால் பறவையும் பூச்சியும் விட்டுப் போகின்றன என்று, 'காட்டுயிர்' என்ற சொல்லை வலியுறுத்தி வருகிறவர். இன்னொரு பக்கம், தமிழ் சினிமாவின் சரித்திரத்தை ஆராய்ந்து எழுதித் தேசிய விருது பெற்றவரும் இவரே. சினிமாவும் தெரியும், காடும் தெரியும், கிருஷ்ணனையும் நேரில் தெரியும்!

கிருஷ்ணன் தமிழில் எழுதினார் என்பதே பலருக்குத் தெரியாது. பெரியசாமித் தூரன் பதிப்பித்த கலைக்களஞ்சியத்துக்கு மிருகங்களைப் பற்றி எழுதிக் கொடுத்தார். பத்திரிகைகளில் எழுதினார். சங்க நூல்களில் நல்ல பயிற்சி. 'கதிரேசன் செட்டியாரின் காதல்' என்று ஒரு துப்பறியும் நாவல் கூட எழுதியிருக்கிறார். மாதவையாவின் பிள்ளை அல்லவா! அவருடைய தமிழ்க் கட்டுரைகளைப் பாஸ்கரன் தேடித் திரட்டி, 'மழைக்காலமும் குயிலோசையும்' என்று புத்தகமாக்கினார். ஆங்கிலக் கட்டுரைகளை ராமச்சந்திர குஹா 2000-ல் தொகுத்தார். புகைப்படங்களும் புத்தகமாக வந்திருக்கின்றன. ஆகவே எழுத்து அகப்படும். குரலும் நடையும் அகப்படுவதுதான் பாடு. அவரோடு காட்டில் நடந்தவர்கள், அவர் கோபித்துக் கொண்டதைக் கேட்டவர்கள், எல்லோருக்கும் வயதாகி விட்டது. யானை பத்து வருஷம் கழித்தும் முதுமலையில் நிற்கும். இவர்கள் காத்திருக்க மாட்டார்கள். செலவுக்குப் பணம் திரட்டிக் கொண்டு பிறகு ஆரம்பிக்கலாம் என்று இளைஞர் சொன்னபோது, ஒரு டேப் ரிகார்டருக்கு என்ன செலவு என்று கேட்டேன். இப்போதெல்லாம் கையிலிருக்கிற போனிலேயே அது இருக்கிறது.

மற்றொரு சங்கடம் பாஷை. கிருஷ்ணனின் இங்கிலீஷ் மிகவும் கச்சிதமான இங்கிலீஷ். அதைப் பண்டிதத் தமிழில் பெயர்த்து, பழைய செய்திப் படக் குரலில் வாசிக்க விட்டால், ஜனங்கள் முறுக்கு வாங்க எழுந்து போய்விடுவார்கள். இடைசெவல் இங்கிருந்து தூரமில்லை. கி. ராஜநாராயணன் கரிசல் வட்டாரச் சொற்களுக்கு அகராதியே போட்டுக் கொடுத்து விட்டுப் போயிருக்கிறார். ஆடு மேய்க்கிறவர் ஒரு பறவைக்கு என்ன பெயர் சொல்கிறாரோ அந்தப் பெயர் படத்தில் வரட்டும். கிருஷ்ணன் ஸண்டூரில் ஆட்டுக்குப் பின்னால் நடந்தவர்தானே, ஆட்சேபிக்க மாட்டார்.

சிவகங்கை ஜில்லாவில் வேட்டங்குடி என்ற பறவைச் சரணாலயம் இருக்கிறது. அதையொட்டிய கொள்ளுகுடிப்பட்டி முதலிய ஊர்களில், வலசை வந்து கூடு கட்டுகிற பறவைகள் மிரளும் என்று, தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. பட்டாசு செய்கிற ஊரிலிருந்து, பட்டாசு வெடிக்காத ஊருக்குக் கேமரா போனால் எப்படி இருக்கும் என்று இளைஞர் தாமாகவே கேட்டார். அந்தக் கேள்வியில் எனக்கு நம்பிக்கை பிறந்தது. ஒரு சங்கடத்தையும் அவரே சொன்னார். எல்லா ஊரும் அப்படி நிறுத்தி விட்டால் தம் சித்தி வீட்டில் உலை வைப்பது எப்படி என்றார். படத்தில் அந்தக் கேள்வியும் இருக்கட்டும், பதில் இல்லாமலே இருக்கட்டும் என்றேன்.

எப்போது எடுப்பது என்பதுதான் கடைசியாக மிஞ்சிய பேச்சு. அவர் சித்திரை என்றார், வெளிச்சம் நன்றாக இருக்குமாம். நான் கார்த்திகை என்றேன். தீபாவளி முடிந்து பட்டாசு ஆலைகள் கொஞ்ச நாள் மூடிக் கிடக்கும். வேலைக்குப் போகிற பெண்கள் பகலில் வீட்டுத் திண்ணையில் அகப்படுவார்கள், அவர்களோடு உட்கார்ந்து பேசலாம். வடகிழக்குப் பருவம் தவறாமல் இருந்தால் கண்மாயில் தண்ணீர் நிற்கும். தண்ணீர் நின்றால் கொக்கும் நாரையும் முக்குளிப்பானும் தாமாக வந்து சேரும். வெளிச்சம் சற்று மங்கலாகத்தான் இருக்கும். "அப்போ கறுப்பு வெள்ளையிலேயே எடுத்திருவோமா அண்ணாச்சி?" என்றார் அவர். நோட்டின் முதல் பக்கத்தில் ஒற்றைக் கொம்பன் இன்னும் அடிபடாமல்தான் இருக்கிறது. ஆனால் மூன்றாவது காட்சிக்கு நகர்ந்திருக்கிறது.